போட்டோ வீட்டாளு

கொம்பையா பாறை மேல நிக்கான். பந்தியில எலையப் போட்டுட்டு சோறு வைக்க மறந்துட்டா ஒருத்தன் எப்படி இருப்பான், எந்திரிச்சா மானம் போகும், இருந்தா வயிறு போகும்னு, அந்த மாதிரி நிக்கான். பாறை ஒரு மாட்டுவண்டி அகலம் இருக்கும். அதுக்கு மேல அவன், பக்கத்துல மூணுகால் ஸ்டாண்டு, ஸ்டாண்டு தலையில கேமரா. முன்னால வயக்காடு பூரா பனி, விடிய விடியப் பேஞ்ச பனி, ஒரு காக்கா காலு வைக்கல, ஒரு ஆடு குறுக்க போகல, இப்பத்தான் வெளுத்து வந்த வேட்டி மாதிரி விரிச்சுக் கெடக்கு. பின்னால பாறை முடியிற எடத்துல மலையும் முடிஞ்சு போச்சு, எட்டிப் பாத்தா கீழ பாதாளத்துல ஆறு ஒறஞ்சு கெடக்கு. ஆக எறங்கணும்னா முன்னாலதான் எறங்கணும், எறங்குனா காலடி விழும், காலடி விழுந்தா படம் செத்துது. தனக்குத் தானே கதவப் பூட்டிட்டு சாவிய முழுங்குன ஆள யாராவது பாத்திருக்கீங்களா, வாங்க, இந்தா நிக்கான், நல்லாப் பாத்துக்கிடுங்க. கருக்கல்ல பனி பேஞ்சிக்கிட்டு இருக்கும்போதே நடந்து வந்து ஏறிட்டா வந்த தடத்தப் பனியே மூடிரும்லான்னு கணக்குப் போட்டான். என்ன மூளை, எட்டாங்கிளாஸ் பெயிலான மூளைக்கு இம்புட்டு வேல தெரியுமான்னு தன் முதுக தானே தட்டிக்கிட்டான். மூடிட்டு. நல்லா மூடிட்டு. தடத்த மூடுன கையோட ஆளையும் சேத்து மூடிட்டு. வெளிச்சம் காலையில வரும், ரெண்டு தட்டு தட்டிட்டு எறங்கிரலாம்னு நெனச்சான். வானத்துக்கு இவன் நெனச்சது கேக்கல. சாம்பச் சட்டியக் கவுத்துன மாதிரி மேகம் கவுந்து கெடக்கு, காலை போச்சு, உச்சி வந்துட்டு, இன்னும் ஒரு சொட்டு வெளிச்சம் சொட்டல.

கயத்தாறுல கல்யாணத்துக்கும் சடங்குக்கும் போட்டோ புடிக்கிறவனுக்கு இந்த லடாக்குல என்ன சோலின்னு அவங்கிட்டயே கேட்டா, பொண்ணு பாக்க வந்தேம்பான். அப்படித்தான் அவன் வாயி. சோலி காலண்டர் சோலி. சிவகாசியில அச்சாபீஸ் வச்சிருக்க அண்ணாச்சி கூப்பிட்டு விட்டு, சாமி படமாப் போட்டு அலுத்துப் போச்சுடே, ஒரே எடம், நாலு பருவம், நாலு தாளு, தாளப் பெரட்டுனா மலை அசையக் கூடாது, வெளிச்சம் மட்டும் மாறணும்னார். கொம்பையா ஏன்னு கேக்கல, எங்கன்னும் கேக்கல, எவ்வளவு தூரம்னு மட்டும் கேட்டான். ரொம்பத் தூரம்னதும் சரின்னுட்டான். அது ஏன்னு, அத இப்ப நெனைக்க வேண்டாம். இந்த லுங்மோங்கிற ஊருல வந்து இந்தப் பாறையப் புடிச்சான். ஸ்டாண்டு காலு மூணும் நாலு தடவையும் ஒரே எடத்துல நிக்கணும்லா, அதுக்குப் பொண்டாட்டி பேச்சி மடிச்சுக் குடுத்த கழுகுமலைக் கோயில் குங்குமத்த எண்ணெயில கொழச்சி பாறையில மூணு பொட்டு வச்சான். வச்சிட்டுப் போயிட்டான். கோடையில திரும்பி வந்து பாத்தா பாறைக்கு வெள்ளப் பட்டுத்துணி சுத்தியிருக்கு, பொட்டுக்கு முன்னால வெண்ணெ விளக்கு எரிஞ்ச கரி, ஒரு கை பார்லி. ஊருச் சனம் கும்புட ஆரம்பிச்சிட்டு. அவன் தங்கியிருக்க வீட்டுக்காரி யாங்சென் அக்கா, வருசா வருசம் குளிருக்குத் திருநவேலி வந்து ரோட்டோரமா ஸ்வெட்டர் விக்கிறவ, அவளுக்குக் குங்குமம்னா என்னன்னு தெரியும், அவளாவது சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருக்கா. தெக்கத்தி அம்மன், நாங்க அங்க யாவாரத்துக்குப் போற மாதிரி இது இங்க யாவாரத்துக்கு வந்திருக்குன்னு சொல்லியிருக்கா. இப்ப அந்த அம்மன் தலை மேலதான் கொம்பையா பூட்ஸ் காலோட நிக்கான். மன்னிச்சுக்கோ தாயி, எறங்கச் சொன்னா எறங்கிருவேன், நீ சொல்ல மாட்டேங்கியேன்னு அதுகிட்டயும் ஒரு பேச்சுக் குடுத்துப் பாத்தான். கல்லு சிரிக்கல. நேத்துப் பேச்சியும் சிரிக்கல.

நேத்து. வயக்காட்டுக்கு அந்தக் கடைசியில மந்திரம் செதுக்குன கல்ல அடுக்கி ஒரு நீளச் சொவரு இருக்கு, அதோட மூலையில ஒரு எடம், ஒரு ஆளு நிக்கிற எடம், அங்க நின்னாத்தான் போன்ல சிக்னல் ரெண்டு கோடு விழும். ஒரு எட்டு தள்ளுனா செத்துரும். அங்க நின்னுதான் பேசுனான். பேச்சி எப்பவும் போல சாப்டீங்களான்னு கேக்கல. ஏங்க, ஒரு வார்த்த கேக்கேன், சிரிப்பாணி இல்லாம பதில் சொல்லணும்னா. திருப்பூர்ல எங்கக்கா பனியன் கம்பெனியில வேல சொல்லி வச்சிருக்கா, நாளைக்கு மத்தியான வண்டி, நான் இருக்கட்டுமா, போகட்டுமா, நீங்க சொல்லுங்கன்னா. போனா திரும்பி வாரதுக்கு இல்லன்னும் சொன்னா, ரேசன் கடையில சீனி இல்லன்னு சொல்லுத மாதிரி மெதுவாத்தான் சொன்னா. கொம்பையா என்ன சொன்னான், போறதுன்னா எனக்கு ரெண்டு பனியன் எடுத்து வையி, முப்பத்தெட்டு சைசுன்னான். அவனா சொன்னான்? வாயி சொல்லிட்டு. நாளைக்கு வண்டி ஏறுத வரைக்கும் போன் கையில இருக்கும், வேற யாரு மூலமாவும் வேண்டாம், ஒங்க வாயால ஒரு வார்த்தன்னுட்டு வச்சிட்டா. திரும்பிப் போட்டான், எடுக்கல. திரும்பிப் போட்டான், எடுக்கல. அப்பத்தான் மொதப் பனி மூக்கு மேல வந்து விழுந்துது. இந்தக் குளிர்காலத்துல மொதப் பனி. பாலைவனம்லா இது, ஒசரத்துல இருக்கதுனால குளிருதே ஒழிய மணலும் கல்லுந்தான், பனி பேயிறதே அதிசயம், பேஞ்சாலும் மறுநாள் காத்து வாரிக்கிட்டுப் போயிரும், இல்லன்னா ஆடு மிதிச்சிரும். மூணு பருவம் கையில இருக்கு, நாலாவது இல்லன்னா மூணும் வெத்துத்தாளு. ஒரே நாள்ல ரெண்டையும் கொண்டு வந்து வச்சிட்டு எவனோ மேல இருந்து வேடிக்கை பாக்கான். சொவரு அங்க இருக்கு. பாறை இங்க இருக்கு. நடுவுல வேட்டி.

விரலு நுனி இருக்கா இல்லையான்னு தெரியல. மூக்கத் தொட்டுப் பாத்தான், இருக்கு, ஆனா அது யாரோ மூக்கத் தொட்ட மாதிரி இருக்கு. கேமரா பாட்டரி இந்தக் குளிருக்குச் செத்துச் செத்துப் போகுதுன்னு அதக் கழட்டி கக்கத்துக்குள்ள வச்சி அடைகாக்கான், கோழி தோத்துப் போகும். வெளிச்சம் வார நேரம் எடுத்துப் போட்டு ஒரு தட்டு. கேமராவுல தானா எடுக்கிற டைமர் இருக்குல்லா, அதப் போட்டுட்டு எறங்கிப் போனா என்னன்னும் யோசிச்சான். எடுக்கும், நல்லா எடுக்கும், நடுப்படத்துல கொம்பையா குண்டி ஆட்டிக்கிட்டுப் போறதையும் சேத்து எடுக்கும், சிவகாசி அண்ணாச்சி தை மாசத்துத் தாளுல அதப் போட்டு வீடு வீடாத் தொங்க விடுவார். சிரிச்சான். சிரிச்ச சத்தம் எங்கயும் போய் முட்டல, பனி முழுங்கிட்டு. அது ஒரு மாதிரி இருந்துது. ஊருல சிரிச்சா யாராவது என்னலேன்னு கேப்பான், எதுக்கால ஒரு காத்தாலையாவது சுத்தும், இங்க சிரிப்பு வாயில இருந்து எறங்கி அஞ்சாறு அடி போயி விழுந்துருது. ரெண்டாவது சிரிப்பு சிரிக்கப் பயமா இருந்துது.

அந்தா, தூரத்து மலையில ஒரு கீத்து வெளிச்சம். மேகத்துல எங்கயோ தையல் விட்டுருக்கு. கொம்பையா கண்ணச் சுருக்கிப் பாக்கான், தட்டு அகலத்துக்கு ஒரு மஞ்சத் துண்டு, மலைச் சரிவுல நத்தை மாதிரி நகருது. இந்தப் பக்கமாத்தான் வருது. வா ராசா. இந்தக் குளிர்கால வெளிச்சம் கல்யாணத்துக்கு வார பெரிய மனுசன் மாதிரி, எல்லாரும் காத்துக் கெடப்பாங்க, பந்தி முடியிற நேரம் வருவாரு, மேடையில ஏறி மூஞ்சியக் காட்டிட்டு எறங்கிருவாரு, அந்த ஒரு நிமிசத்துல போட்டோக்காரன் சட்டையில மூக்கத் தொடச்சிக்கிட்டு இருந்தான்னு வையி, செத்தான். வசந்தத்து வெளிச்சம் அப்படி இல்ல, அது புதுப்பொண்ணு, ஆப்ரிகாட் பூ பூத்துக் கெடந்துது, வெளிச்சம் எங்க விழலாம் எங்க விழலாம்னு கேட்டுக் கேட்டு விழுந்துது. இலையுதிர் காலத்து வெளிச்சம் சம்பந்தி மாதிரி சாஞ்சு உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுது, பாப்லர் மரமெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி நின்னுது. கோடை வெளிச்சம் பளார்னு அறையும், நெழலே இருக்காது, பார்லி வயலு பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, பச்சைப் பெயிண்டு அடிச்ச மாதிரி, பாதி வரைக்கும் பச்சைப் பெயிண்டு, மேல வெள்ளை, நீள வராந்தா, பெஞ்சு, பினாயில் வாடை... ஏ, எங்க போற. திரும்பு. வெளிச்சத்தப் பாரு. வெளிச்சம் இப்ப புத்தக் கோயில் குன்று மேல ஏறிட்டு.

அவன் எடுத்த படத்துல ஆளு இல்லாத படம்னா இந்த மூணுந்தான். பதினெட்டு வயசுல இருந்து ஆளாப் புடிச்சிக்கிட்டு இருக்கான். நாடியக் கொஞ்சம் தூக்கும்மா, மாப்ள கண்ணத் தொறங்க, இன்னும் முழுசாத் தாலி கட்டல அதுக்குள்ள பயந்தா எப்படி, அப்படியே, அசையாதீங்க, ஆங். அழுதுகிட்டு இருக்க பொண்ணு கூட பல்லக் காட்டிரும். அதுதான் அவன் தொழிலு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெருசு கேக்கும், தம்பி நீ பொண்ணு வீடா மாப்ள வீடான்னு. கொம்பையா சொல்லுவான், நான் போட்டோ வீடு. கூட்டமே சிரிக்கும். ஒரு தடவையும் தப்பாத சிரிப்பு அது. இங்க வந்த மொத நாளு பழக்கத்துல மலையப் பாத்துக் கொஞ்சம் சிரிங்கன்னுட்டான். மலை அவனப் பாத்துது. யார்லே நீன்னு கேட்ட மாதிரி இருந்துது. வசந்தத்துப் படத்தப் பேச்சி ரொம்ப நேரம் கையில வச்சிப் பாத்தா. நல்லாருக்கா? நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒருத்தரும் இல்லையேன்னா. அதான்ளா அழகேன்னான். இம்புட்டு பூ பூத்திருக்கு, யாரு வந்து பாப்பான்னா. பாத்துட்டுப் படத்த அவன் கையில குடுக்கல, சாமி தட்டுக்குப் பின்னால சொருகி வச்சா. அது ஏன் அங்க? அங்க ஏற்கெனவே ஒரு சின்னச் சட்டை மடிச்சு வச்சிருக்கு, மஞ்சத்துணி, கொக்கி வச்சது, யாரும் போடாதது. சரி சரி. வெளிச்சம் எங்க, குன்றுல இருந்து எறங்கிட்டா, ஆமா, எறங்கி வாய்க்காக் கரைக்கு வந்திட்டு.

பஸ்சுல ஏறியிருப்பாளா? போன எடுத்து மணி பாக்க மாட்டேன்னு இருக்கான், பாத்தா தெரிஞ்சிரும்லா. பேச்சிய அவன் புடிச்சதே பஸ்சுலதான். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் போவா, தெனமும் ஜன்னலோர சீட்டு, மூக்குல ஒரு செவப்புக்கல்லு. இவன் கேமராப் பையோட படியில. கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு விசில் அடிச்சா போகணும், ஊருக்கே தெரிஞ்ச சட்டம். இவன் வாயாலயே அந்த விசில அச்சா அடிப்பான். ஒரு நாளு வெட்டவெளிக் கரிசக்காட்டு நடுவுல ஒண்ணு அடிச்சிட்டான், டிரைவர் பிரேக்கப் போட்டுட்டார், எறங்க ஆளும் இல்ல ஏற ஆளும் இல்ல, கண்டக்டர் பல்லக் கடிச்சிக்கிட்டு எவம்ல அதுன்னு கத்துதாரு, வண்டியே முழிக்கி, ஜன்னலோர சீட்டுல மட்டும் ஒரு பொம்பளப் புள்ள முந்தானைய வாயில வச்சிக்கிட்டுக் குலுங்குது. அப்பச் சிரிச்சா. அதுக்கப்புறம் பத்து வருசம் சிரிச்சா. எதச் சொன்னாலும் சிரிச்சா, வீடு ஒழுகுச்சு, இதுக்குத்தான் சொன்னேன் குத்தாலம் போக வேண்டாம்னுன்னான், சிரிச்சா. மாசமா இருக்கேன்னு சொன்னப்ப, யாரு காரணம்னு கேட்டான், கரண்டியத் தூக்கிக்கிட்டு வெரட்டிக்கிட்டே சிரிச்சா. போன மாசி வரைக்கும் சிரிச்சா. மாசிக்கப்புறம் இவன் சொல்லுத சிரிப்பெல்லாம் அவ மேல பட்டுக் கீழ விழுந்துது, கொம்பையா குனிஞ்சு பொறுக்கி மறுபடியும் எறிவான், மறுபடியும் விழும். சிரிக்க வைக்கிறேன் பாருன்னு அவனும் விடல. போன பருவம் வந்தப்ப யாங்சென் அக்கா கையில போனக் குடுத்து, ஒங்க வீட்டுக்காரர் மொட்ட போட்டு லாமாவாயிட்டார், இனிமே வர மாட்டார்னு சொல்லச் சொன்னான். அக்காவும் ஸ்வெட்டர் விக்கிற தமிழ்ல சொன்னா. இவன் பக்கத்துல நின்னு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சான். நல்ல சிரிப்புத்தான். ஊருக்குப் போனப்ப அவ அதப் பத்திப் பேசவே இல்ல.

"ஏ தம்பீ!"

யாங்சென் அக்கா வீட்டு மொட்டை மாடியில நிக்கா, வைக்கோல் போருக்குப் பக்கத்துல, வயக்காட்டுக்கு அந்தப் பக்கம். கையில பிளாஸ்க்கு.

"டீ ஆறுது! எறங்கு!"

"எறங்குனா காலடி விழும்க்கா!"

"காலுன்னா அடி விழும்தான். என்ன, பறந்தா போனே?"

"படம் கெட்டுரும்!"

"படம் கெட்டா கெடட்டும், மூக்கு விழுந்திரும். மூக்கு இல்லாத மாப்ளைய யாரு வச்சிக்கும்?" அக்கா கைய விரிச்சிக் காட்டுதா, பேரம் பேசுத மாதிரியே. "சரி, கொறைச்சுச் சொல்றேன். பத்துக் காலடி. பத்துல வந்திரு. கடைசி வெல."

"ஒன்னும் கட்டுப்படியாகாதுக்கா!"

"அப்ப நில்லு. அம்மனுக்கு வெளக்குப் போட வரும்போது ஒனக்கும் சேத்துப் போடறேன்."

கொம்பையா சிரிச்சான். அக்கா சிரிக்கல. பிளாஸ்க்கக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் வாய்க்குக் குவிச்சா.

"ஒம் பொண்டாட்டிக்கு இன்னைக்குப் பேசணும் சொன்னேல்ல? பேசிட்டியா?"

"இல்ல!"

"நம்பர் சொல்லு. சொவரு பக்கம் நான் வீட்டப் பின்னால சுத்திப் போயிக்கிறேன், தடம் விழாது. நான் பேசறேன்."

"வேண்டாங்க்கா! நீ பேசுனது போதும்! நீ சொன்னா நம்ப மாட்டா, இன்னொரு லாமாக் கதைம்பா!"

"அது ஒங் கதை. எங் கதை இல்ல." அக்கா மாடி விளிம்புக்கு வந்தா. "தம்பி, அன்னைக்கு அது அழுதுது. ஒனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"அழுதுது! போன்ல! இனிமே வர மாட்டாரான்னு கேட்டுது, அப்புறம் அழுதுது. நான் ஒங்கிட்ட கைய ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நீ சிரிச்சிக்கிட்டே இருந்தே. ஒனக்குக் கேக்கலை."

அவ்வளவுதான் சொன்னா. மாட்டுக்குப் புல்லு வைக்கணும்னு உள்ள போயிட்டா. மொட்டை மாடி காலியாயிட்டு. கொம்பையாவுக்கு ஒரு பதில் வாயில வந்துது, வழக்கம் போல வந்துது, சொல்ல ஆளு இல்ல. பல்லுக்குப் பின்னால அது அப்படியே குளுந்து போய் நின்னுது.

அழுதாளா. இனிமே வர மாட்டாரான்னு கேட்டாளா. சிரிச்ச சத்தத்துல கேக்கல. எம்புட்டுச் சத்தமாச் சிரிச்சிருக்கேன். பச்சைப் பெயிண்டு. விடு. வெளிச்சம் எங்க, பாப்லர் மரத்துக்கு வந்திட்டு, ஒவ்வொரு மரமா எரியுது, வெறுங்குச்சி மரம், இலை ஒண்ணு கெடையாது, ஆனா தீக்குச்சி மாதிரி நுனியில பத்திக்கிட்டு எரியுது, அந்தா மூணாவது மரம், அந்தா நாலாவது, இன்னும் கொஞ்ச நேரத்துல வயலுக்குள்ள எறங்கிரும், எறங்குனா இந்த வேட்டி பூரா... பச்சைப் பெயிண்டு பாதி வரைக்கும், மேல வெள்ளை. பெஞ்சுல உக்காந்திருந்தான். கையில சூடா டீ, பிளாஸ்டிக் கப்பு, நெளிஞ்சு போச்சு. விடு, விடுங்கேன்லா. மாசி மாசம். உள்ள பேச்சி. பேச்சி கத்துனது நின்னு ரொம்ப நேரமாச்சு, ஆனா வேற சத்தம் வரல. வர வேண்டிய சத்தம் வரல. கொம்பையா கதவையே பாத்துக்கிட்டு இருந்தான். கதவு தொறந்துது. நர்சம்மா கையில வெள்ளத்துணியில சுத்தி, சின்னதா, ஒரு தேங்கா அளவுதான், நர்சம்மா மூஞ்சியில ஒண்ணும் இல்ல, வராந்தாவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு இவனப் பாத்துக் கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா. நீங்க யாரு, பொண்ணு வீடா மாப்ள வீடா? வாயி தொறந்துது. இவன் தொறக்கல, அதுவாத் தொறந்துது, பதினெட்டு வயசுல இருந்து பழகுன வாயி. நான் போட்டோ வீடு. சொல்லிட்டு. நர்சம்மாவுக்குப் புரியல. போட்டோல்லாம் எடுக்கக் கூடாது சார்னா. கதவு சாத்தல. முழுசாச் சாத்தல. கதவு எடுக்குல, உள்ள, கட்டில்ல, பேச்சி தலையத் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தா.

எந்தச் சிரிப்பையும் அதுக்கு மேல கொண்டு போய் மூட முடியல. எத்தனை பருவம் ஓடி வந்து பாத்தான். பனி வந்தாவது மூடும்னு பாத்தான்.

வெளிச்சம் வயலு வரப்புக்கு வந்து நின்னுது. கொம்பையா அதப் பாத்தான். நல்லாத்தான் பாத்தான், ஓரத்துல ஊதா, நடுவுல பொன்னு, இப்படி ஒண்ண இனிமே எப்பக் காணப் போறான். கொஞ்சம் இரு, கொஞ்சம் இருந்தா போதும், எடுத்திட்டு ஓடுன்னு ஒரு கொம்பையா சொல்லுதான். அந்தக் கொஞ்சத்துலதான்ல வண்டி போயிரும்னு இன்னொருத்தன் சொல்லுதான். ரெண்டு பேரும் ஒரே வாயிலதான் பேசுதாங்க, அதான் கஷ்டம். காலு கெஞ்சிக்கிட்டு நின்னுது, பாறையோட பாறையா ஒட்டிப் போச்சோன்னு பயம் வந்துது, நெசம்மாவே இப்படியே நின்னு போவேன், சனம் வந்து துணி சுத்தும், வெண்ணெ வைக்கும், பொட்டு வைக்கும், இங்க ஒருத்தன் வெளிச்சத்துக்குக் காத்து நின்னான்னு சொல்லும். ஸ்டாண்டு காலுக்குக் கீழ மூணு பொட்டுல ஒண்ணு தெரிஞ்சுது. பேச்சி மடிச்சுக் குடுத்த பொட்டலம். தாயீன்னு சொல்லிட்டுக் குதிச்சிட்டான். முழங்காலு வரைக்கும் பொதக்குன்னு உள்ள போச்சு. பத்துக் காலடி இல்ல, கண்ணு மண்ணு தெரியாமக் காலடி, விழுந்து எந்திரிச்சுக் கையடி, ஒரு எடத்துல நெஞ்சடி, வேட்டி கந்தலாப் போச்சு. பாதி வயலு தாண்டும்போது முதுகுல சூடு பட்டுது. திரும்பக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டே திரும்பிட்டான். வயலு பூரா எரியுது. பனி ஒவ்வொரு பொடியும் தனித்தனியா மின்னுது, அவன் விழுந்த பள்ளமெல்லாம் நீல மையி ஊத்துன மாதிரி வரிசையாக் கெடக்கு, அந்தக் கோடு வளைஞ்சு நெளிஞ்சு போயி முடியிற எடத்துல பாறை, பாறை மேல மூணுகால்ல கேமரா ஒத்தையா நின்னு அவனையே பாத்துக்கிட்டு இருக்கு. தட்ட ஆளு இல்ல.

சொவரு மூலைக்கு வந்து அந்த ஒரு எடத்துல நின்னான். விரலு கேக்கல, மூக்கால அமுக்குனான், நெசமாவே மூக்கால. ஒரு கோடு. ரெண்டு கோடு. மணி அடிக்கி. அடிக்கி. எடுத்திட்டா. பின்னால இஞ்சின் உறுமுற சத்தம், யாரோ சில்லறை கேக்காங்க, ஒரு புள்ள அழுகுது, வண்டிக்குள்ள இருக்கா, ஏறிட்டா.

"சொல்லுங்க," ன்னா பேச்சி.

மூச்சு வாங்குது. வாயி தொறந்துது. வழக்கமா வார வார்த்தையெல்லாம் வாசல்ல வந்து நின்னுது, டிக்கெட் எனக்கும் சேத்து எடுத்தியான்னு ஒண்ணு, முப்பத்தெட்டு சைசு மறக்காதன்னு ஒண்ணு. ஒதடு தானாக் குவிஞ்சுது, விசிலு, ஒரே ஒரு விசிலு போன்ல அடிச்சா வண்டி நின்னாலும் நிக்கும், அவ சிரிச்சாலும் சிரிப்பா, ஒதட்டப் பல்லால கடிச்சான். வெடிச்ச ஒதடு, ரத்தம் உப்புக் கரிச்சுது.

"ஏங்க? கேக்கா? வண்டி கெளம்பிட்டு, பைபாஸ்ல ஏறப் போகுது."

"பேச்சி," ன்னான். "இங்க வெளிச்சம் வந்துட்டு."

"ஓகோ." அவ கொரலு கீழ எறங்குச்சு. "படம் எடுத்தாச்சாக்கும்."

"எடுக்கல. கேமரா அங்க பாறையில நிக்கி. நான் இங்க சொவரு கிட்ட நிக்கேன். நடுவுல பூரா என் காலுதான் கெடக்கு, இனிமே எடுக்க ஒண்ணும் இல்ல. பாட்டரி என் கக்கத்துக்குள்ள இருக்கு பேச்சி, போட்டுட்டு வரக் கூட இல்ல. இது தமாசு இல்ல. நெசமாவே கக்கத்துக்குள்ளதான் இருக்கு."

அந்தப் பக்கம் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட்டுன்னு வாராரு.

"அன்னைக்கு அந்த நர்சம்மா கேட்டாள்லா," ன்னான். அதுக்கு மேல போகல. "நீ கதவு எடுக்குல பாத்துக்கிட்டு இருந்தே."

"ம்."

"எனக்குத் தெரியும். நீ பாத்தது எனக்குத் தெரியும்."

இஞ்சின் சத்தம். புள்ள அழுகை. அவ மூச்சு விடுதாளா இல்லையான்னே தெரியல. கொம்பையா அசையாம நிக்கான், ஒரு எட்டு தள்ளுனா கோடு செத்துரும், காலு மாத்தி வைக்கக் கூட முடியாது, ஆயிரம் பொண்ணு மாப்ளைக்கு அசையாதீங்க அசையாதீங்கன்னு சொன்னவன் மொதத் தடவையா அசையாம நிக்கான். அந்தப் பக்கம் போன எங்கயோ துணியில அமுக்குன மாதிரி, கண்டக்டர்கிட்ட என்னமோ சொல்லுதா, ஒண்ணும் வெளங்கல, கண்டக்டர் என்னமோ சத்தம் போடுதாரு, இப்பத்தானம்மா ஏறுனேங்காரு. ஒரு விசிலு.

கொம்பையா கண்ண மூடிட்டான். ரெண்டாவது வருமா. ரெண்டு அடிச்சா போச்சு. வண்டி முக்குது, எறைச்சலு, கதவோ என்னமோ ஒண்ணு டமார்னுது, ரெண்டாவது வந்துட்டு. ரெண்டும் வந்துட்டு, விசிலு விசிலு. இஞ்சின் கத்திக்கிட்டுத் தூரமாப் போகுது, போகுது, புள்ள அழுகையும் அதோட போகுது, அம்புட்டும் போயி முடிஞ்ச பொறவு போனுக்குள்ள காத்து மட்டும் மிச்சம், கரிசக்காட்டுக் காத்து, அவனுக்குத் தெரியும் அந்தக் காத்து. அப்புறம் கிட்டக்க, காதோட ஒட்டுன மாதிரி, மூச்சு.

"எறங்கிட்டேன்," ன்னா பேச்சி. "ரோட்டுல நிக்கேன். வெயிலு மண்டையப் பொளக்கி. இப்பச் சொல்லுங்க."

அவன் முன்னால பனி மேல கெடந்த வெளிச்சம் ஒவ்வொரு பள்ளமா அணைஞ்சுக்கிட்டு வந்துது. கொம்பையா அதப் பாக்கல. போன ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டான்.

"இரு பேச்சி," ன்னான். "எங்கயும் போகாத. நான் ஒன் வீடு."